சாமி தும்மினார்

"செத்து அறுபத்தாறு வருஷமான எங்க உப்பளச் சாமி, இன்னைக்குக் காலைல என் மூஞ்சியிலேயே தும்முனாரும்மா!"

அருணாசலவடிவு அண்ணாச்சி இப்படிச் சொன்னதும் ரைட்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். லாக்கப்பில் கிடந்தவன்கூடச் சிரித்தான். இன்ஸ்பெக்டர் கமலினி மட்டும் சிரிக்கவில்லை.

மடத்துக் கட்டிலில் சாமியின் உடம்பு கெடாமல் கிடப்பது ஊரறிந்த அதிசயம். அதன் கழுத்தில் கிடந்த ஆணிமுத்து மாலை காணாமல் போனதுதான் வழக்கு. மடத்துச் சாவி இருப்பதோ அண்ணாச்சியிடம் மட்டும். ரிமாண்டுக்கு எழுத வேண்டியதுதான் பாக்கி.

அண்ணாச்சி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்று, இப்போது மடத்தைப் பார்த்துக்கொள்கிறவர். ஒருமுறை வடம் அறுந்த கப்பலை ஒற்றைக் கையால் இழுத்துப் பிடித்ததாக அவரே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். அதனால், இன்றைக்கு நிஜத்தைச் சொல்லியும் நம்புவதற்கு ஒரு நாதி இல்லை. அறுபத்தெட்டு வயதில் ஜெயில் களியா?

புகார் கொடுத்த மடத்துச் செயலாளர் தங்கப்பாண்டி எதிர் பெஞ்சில் இருந்து குரல் விட்டார்.

"பொணம் தும்முமா மேடம்? உப்புல போட்டு வச்சா சீலா மீனுந்தான் கெடாது. அதுக்காக அது தும்மவா செய்யுது? மாலையை எடுத்ததே இவருதான். பிடிச்சு உள்ள போடுங்க."

"ஏலே, சாமியைக் கருவாடுங்கியா? நாக்கு அழுகிரும்லே!"

"சண்டை வேண்டாம். நடந்ததைச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் கமலினி.

"விடியக்காலம் மடத்தைத் திறந்து போட்டுட்டு, தண்ணி எடுக்கக் கிணத்தடிக்குப் போனேம்மா. திரும்பி வந்து, அந்த அரையிருட்டுல, வெள்ளிக்கிழமை வழக்கப்படி சாமி நெத்தியில ஒரு கை திருநீறை அள்ளி அப்புனேன். தும்மிட்டாரு! வாளியைப் போட்டுட்டு ஓடுனேன். ஆளுகளோட வந்து பார்த்தா, சாமி கட்டிலுக்கு அடியில கெடக்காரு. மாலையைக் காணல."

"கட்டிலுக்கு அடியில எப்படிப் போனாரு?"

"தும்முன வேகத்துல உருண்டிருப்பாரு."

ரைட்டர் மறுபடி குலுங்கினார்.

"சத்தம் வேற யாருக்காவது கேட்டுதா?"

"கயத்தாறு வரைக்கும் கேட்டிருக்கும்மா!"

"எத்தனை தடவை தும்முனாரு?"

அண்ணாச்சி யோசித்தார். குறைத்துச் சொன்னால் எவன் நம்புவான்?

"ஏழு தடவை! மூணாவது தும்மல்ல மடத்து ஓடெல்லாம் குதிச்சுது. அஞ்சாவதுல வாசல் வேம்புல இருந்த காக்கா அம்புட்டும் பொத்துப் பொத்துன்னு விழுந்துது. ஏழாவதுல எந்திரிச்சு உக்காந்து, 'ஏலே வடிவு, மூக்கைத் தொடச்சு விடு'ன்னாரு. பார்த்தா, தாடி வரைக்கும் சளி..."

கூட்டத் தீர்மானத்தில் ஒரு கால்புள்ளி தவறினாலும் சிவப்பு மையால் சுழிக்கிற மனிதர் தங்கப்பாண்டி. அவரால் இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. பெஞ்சு சரிய எழுந்து நின்று கத்தினார்:

"வாய் கூசாம இப்படியா புளுகுவீரு அண்ணாச்சி? ஒரே ஒரு தடவைதான தும்முனேன், அதுவும் சத்தமே வராம!"