உள்ளே ஒருவர்

முகத்தைப் பார்த்தே டிக்கெட் இல்லாத பயணியைப் பிடித்துவிடுவார் தெய்வசிகாமணி. அந்த ரயில்வே வேலையை உதறிவிட்டு, யூடியூப் பார்த்தே வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டார். முதலில் கட்டியது நுழைவுப் பக்கம். அது பெயர் கேட்டது, பாஸ்வேர்ட் கேட்டது, நீ மனிதன்தானா என்று திரும்பத் திரும்பக் கேட்டது. மனைவி இந்திராணியைக்கூட விடவில்லை.

"உள்ள அப்படி என்னதாங்க இருக்கு?"

"இன்னும் ஒண்ணும் கட்டலை. அதுக்காக எவனும் நுழைஞ்சிடலாமா?"

உள்ளே எத்தனை பேர் என்று காட்ட ஒரு மூலையில் இடம் வைத்திருந்தார். இன்று காலை அதில் 'ஒருவர்' என்று இருந்தது. பாஸ்வேர்டை யாரிடமும் சொன்னதில்லை. மெல்லத் திரும்பி, அந்தப் பழைய ரயில் பார்வையை மனைவி மேல் வைத்தார்.

"உள்ள யாரோ இருக்காங்க."

"என்னைய ஏன் முறைக்கிறீங்க? வேலைய விட்டுட்டு அதுக்குள்ள போனது நீங்கதானே. இன்னும் வெளிய வரலையே" என்று காபியை வைத்துவிட்டுப் போனாள்.

நேற்று சோதித்துப் பார்க்கத் தானே நுழைந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அப்பாடா என்று வெளியேறும் பட்டனைத் தேடினார். மேலே இல்லை; கீழேயும் இல்லை. நுழைகிறவனைத் தடுக்கும் மும்முரத்தில் அப்படியொன்றை அவர் செய்யவே இல்லை.