மூன்றாம் மாடிக்குச் சாப்பாடு

லோட்ஷெடிங்கில் மின்சாரம் போய் இருண்டு கிடந்த படிகளில், டிபன் கேரியரோடு சௌந்தரம் மெல்ல ஏறினாள். லேக் கார்டன்ஸின் அந்தக் கட்டடம் முழுக்க இரண்டு நாளாக ஒரே பேச்சுதான். மூன்றாம் மாடி பூங்கோதையின் மகனுக்கு ஆயுள் தண்டனை. கட்சிச் சண்டையில் ஒருவனைச் சுட்டுக் கொன்றுவிட்டான்.

"ஆயுள்னா என்ன பௌதி? பதினாலு வருஷத்துல வந்துடுவான். தூக்குல போட்டிருக்கணும்" என்று, அவளை அண்ணி முறை சொல்லி அழைக்கும் கீழ் வீட்டு கோஷ் பாபு வங்காள மொழியில் பொருமினார்.

"ம்" என்றாள் சௌந்தரம்.

முதல் மாடி விசாலம் கேரியரைப் பார்த்துவிட்டு வழிமறித்தாள். "அங்கேயா போறீங்க? அந்த வாசலையே மிதிக்கக் கூடாதுன்னு நாங்க எல்லாரும் பேசி வச்சிருக்கோம்க்கா."

"வயித்துக்கு ஏதாவது போகணுமே, விசாலம்."

மூன்றாம் மாடிக் கதவு நெடுநேரம் கழித்துத் திறந்தது. உள்ளே கரியடுப்பு பற்றவைக்காமல் கிடந்தது. சௌந்தரம் தட்டைத் தேடி எடுத்து, ரசம் சாதத்தைப் பிசைந்து வைத்தாள்.

பூங்கோதை தட்டைத் தொடவில்லை. "உங்க கையால நான் எப்படிக்கா..."

"என் பிள்ளை குமரேசன் செத்தப்போ எங்க வீட்டுலயும் அடுப்பு எரியலை. மூணு வேளையும் சோறு கொண்டு வந்தது நீதானே?"

"அவனைச் சுட்டது என் பிள்ளைன்னு அப்போ எனக்குத் தெரியாதுக்கா!"

"எனக்கும்தான் தெரியாது. தெரிஞ்சிருந்தா மட்டும் பசிக்காம இருந்திருக்குமா? சாப்பிடு."