இருட்டு வைத்தியம்

கூடத்துக் கடல்மீன் தொட்டியில் வளர்ந்த பவளங்கள் சுண்ணாம்பாய் வெளுத்துப்போனதும், ஜெரால்டு கண்ணாடியைச் சுற்றிக் கறுப்புத் துணியைக் கட்டினான்.

"வெளிச்சம் அதுகளுக்கு ஆகல. கொஞ்ச நாள் இருட்டுல கெடந்தா தன்னால தேறிரும். யாரும் தொறந்து பாக்காதீங்க."

மனைவி ரெஜினா திறக்கவில்லை. ஆனால் உள்ளே கல்லோடு கல் உரசுகிற சத்தம் அவளுக்குக் கேட்டபடியே இருந்தது. என்ன சத்தமென்று விசாரித்தால், "மோட்டாருடி" என்றான்.

சில நாள் கழித்து அவன் துணியை அவிழ்த்தபோது பவளங்கள் ஊதாவும் பச்சையுமாய்ப் பூத்து நின்றன. ஜெரால்டு சின்னப் பிள்ளைபோல் கைதட்டினான். ரெஜினா மீன்களைத் தேடினாள். ஒன்றுகூட இல்லை. பவளம் ஒட்டியிருந்த பாறையில், முன்பு இல்லாத ஒரு துளை இருந்தது.

"மீனெல்லாம் எங்கங்க?"

"பயந்துபோய் உள்ள ஒளிஞ்சிருக்கும்."

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு துளைக்குள் விரல்களை விட்டான். முழங்கைவரை போயிற்று. "என்னமோ மெத்துமெத்துன்னு இருக்குடி" என்று சிரித்தான்.

பிறகு சிரிப்பு நின்றது. கையை மட்டும் அவன் வெளியே எடுக்கவில்லை. தண்ணீரையே பார்த்தபடி மெல்லச் சொன்னான்:

"ரெஜினா, அந்தத் துணிய எடுத்து மூடு. வெளிச்சம் அதுக்கு ஆகல."