படத்துக்கு வாய்க்கரிசி

அந்தச் சங்குச் சத்தம் வருடங்கள் ஆகியும் என் காதை விட்டுப் போகவில்லை. பக்கத்து வீட்டில் அதை ஊதிய காலையில், அங்கே பிணம் இல்லை.

பந்தலுக்கு முன்னால் பெரிய ஃபிளெக்ஸ். 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துக்குக் கீழே தனப்பிரியா சிரித்துக்கொண்டிருந்தாள். மயில்சாமியின் ஒரே மகள். முந்தாநாள் மணிமாறனோடு போய்விட்டவள்.

"உசுரோட இருக்கற புள்ளைக்குச் சங்கு ஊதறீங்களே, நீங்கெல்லாம் ஒரு தகப்பனுங்களா?"

அவள் அம்மா சௌந்திரம் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மயில்சாமி மனைவி பக்கம் திரும்பவே இல்லை. மீசையை மழித்திருந்தார்.

"பெத்த மனசாடி இது? கல்லு" என்று எனக்குப் பின்னால் ஒருத்தி முணுமுணுத்தாள்.

மணிமாறன் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்தான். வேறு சாதி. கல்லூரிக்குப் போகிற பஸ்ஸில் தொடங்கிய பழக்கம். ஒளிந்து பழகப் பிடிக்காமல், ஒருநாள் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நேராக வந்து பெண் கேட்டான். மயில்சாமி இருவருக்கும் மோர் கொடுத்து, "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்று அனுப்பினார்.

திரும்பும் வழியில் அவர்கள் பரமத்தி வேலூர்கூடப் போய்ச் சேரவில்லை. மயில்சாமியின் அண்ணன் மகன் நவநீதகிருஷ்ணன் வழிமறித்து, தாயின் கண்ணெதிரே மணிமாறனின் கையை முறித்தான்.

அதற்குப் பிறகு மயில்சாமி இந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மகள் போன அன்றுகூட வெற்றிலை லோடோடு சேலம் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இப்போது நவநீதகிருஷ்ணன் கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டு பந்தலுக்குள் வந்தான்.

"சித்தப்பா, ஓசூர்ல இருக்கறாங்கன்னு தகவல் வந்துருச்சுங்க. வண்டில பசங்க ரெடி. நீங்க சும்மா தலையசைங்க, போதும்."

"போயி என்னடா பண்ணுவே?"

"அதெல்லாம் கேக்காதீங்க. பொழுது சாயறதுக்குள்ள ரெண்டு பேர்த்தோட கதையும் முடிஞ்சிரும்."

சௌந்திரத்தின் நகங்கள் என் மணிக்கட்டில் பதிந்தன.

"யாருடா ரெண்டு பேரு?" என்றார் மயில்சாமி. "என்ற பொண்ணு செத்துப்போயிட்டா. பின்ன எதுக்குப் பந்தல் போட்டிருக்குது?"

"அது ஊருக்காகப் பண்றதுங்க சித்தப்பா. எனக்குத் தெரியாதுங்களா?"

மயில்சாமி எழுந்தார். பந்தலுக்குள் மாலை போட்டு வைத்திருந்த மகளின் படத்துக்கு முன்னாலிருந்து அரிசித் தட்டை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"அவளுக்குக் கூடப் பொறந்தவன் இல்லை. அண்ணன் முறைக்கு நீதான். வா, வாய்க்கரிசி போடு."

"நானுங்களா? படத்துக்கா?"

"ஏன், போட மாட்டயா? அப்ப ஓடிப்போனவ இன்னும் நம்ம ஊட்டுப் பொண்ணுதாங்கறயா?"

பங்காளிகள் எல்லாரும் அவனையே பார்த்தார்கள். ஒரு பெரியவர், "போடு சாமி, பெத்தவனே சொல்றானல்லோ" என்றார்.

அவன் தட்டில் கை வைக்கவில்லை. சித்தப்பாவின் முகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

சௌந்திரம் என் கையை உதறிக்கொண்டு ஓடினாள். படத்தின் மேல் விழுந்து இரண்டு கையாலும் அதை மூடினாள்.

"போடாதடா சாமி! உன்ற தங்கச்சிடா! நீ தோள்ல தூக்கிட்டுத் திருஞ்ச புள்ளடா! ஐயோ, அவ வாயில அரிசியப் போட்டுடாதடா!"

பெண்கள் நாலு பேர் சேர்ந்து அவளை இழுத்துப் போனோம். அவள் சேலை கிழிந்தது. நவநீதகிருஷ்ணன் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அரிசியை அள்ளிப் படத்தின் முன்னால் போட்டான்.

"கேட்டுக்க" என்றார் மயில்சாமி. "நீ வாய்க்கரிசி போட்டுட்டே. இனி அவளத் தேடிப் போனீன்னா, போட்ட அரிசிக்கு என்னடா மருவாதி? நாலு ஊருப் பங்காளியும் நம்மளப் பாத்துச் சிரிப்பான். சாவியக் குடு. எழவு ஊட்ட உட்டு ஒருத்தனும் நகரக் கூடாது."

அவன் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தான். ஆண்கள் எல்லாரும் காவிரியில் தலை முழுகப் போனார்கள்.

மத்தியானம் கூட்டம் கலைந்தது. ஆற்றிலிருந்து ஈரத் துண்டோடு வந்த மயில்சாமியைப் பார்த்து சௌந்திரம் சொன்னாள்:

"எனக்கும் ஒரு ஃபிளெக்ஸ் அடிச்சுருங்க. இனி உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

நான் எழுந்தேன். மயில்சாமி கதவைத் தாழிட்டார்.

"நீங்களும் இருங்க அக்கா. இவ மயங்கி உழுந்தாப் புடிக்கறதுக்கு ஆள் வேணும்."

போனில் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைத் தட்டி, மனைவியின் மடியில் வைத்தார். சுவரோரம் போய் உட்கார்ந்தார்.

"அம்மா..." தனப்பிரியாவின் குரல். "அப்பா சாப்பிட்டாராம்மா? முந்தாநாள் கோயில்ல என்னைத் தாரை வார்த்துக் குடுத்துட்டு, கல்யாணச் சாப்பாட்டுக்குக்கூட உக்காராமக் கெளம்பிட்டாரும்மா."

சௌந்திரம் மயங்கி விழவில்லை. மகளோடு பேசி முடித்துப் போனை வைத்துவிட்டுக் கணவனிடம் கேட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லோங்க?"

"சொல்லியிருந்தா நீ அப்படி அழுதிருக்க மாட்டே, சௌந்திரம். உன்ற அழுகையப் பாத்துத்தான் அவன் நம்புனான்."

அதன்பின் மயில்சாமி மகளைப் பார்க்கப் போகவே இல்லை. போன ஆவணியில் இறந்தார். கொள்ளி வைத்தவன் நவநீதகிருஷ்ணன்.