குப்பை என்று வாங்கிய இழைப்புளி

பழைய சாமான் சந்தையில், தார்ப்பாய் மேல் மரம் சீவும் இழைப்புளி ஒன்றும் ஒரு சுத்தியலும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. அன்றைக்கு விற்காததெல்லாம் உருக்குவதற்குப் போகும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். துரு மண்டிய இழைப்புளிக்கு உள்ளுக்குள் ஒரே உதறல்.

வெயில் ஏறும் நேரத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் வந்து குந்தினார். சுத்தியலைத் தூக்கி, "அடடா, என்ன அருமையான சாமான்!" என்றார். இழைப்புளியை விரலால் தள்ளி, "இது வெறும் துரு. இதையெல்லாமா விக்கிறீங்க?" என்றார்.

"கேட்டியா? நான் பிழைச்சேன். நீ மனசைத் தேத்திக்கோ" என்றது சுத்தியல்.

ஆனால் கிளம்பும்போது அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். "சரி, இந்தக் குப்பையையாவது கொடுங்க. பேப்பர் பறக்காம மேல வைக்கலாம்" என்று அலுத்துக்கொண்டே இழைப்புளியை வாங்கினார்.

தெருமுனை திரும்பியதும் அவர் பைக்குள் கைவிட்டு இழைப்புளியைத் தடவினார். "தாயே, நீ எப்படி இங்க வந்து சேர்ந்தே? ஆசையைக் காட்டினா விலையை ஏத்திடுவாருன்னுதான் குப்பைன்னு சொன்னேன்" என்றார். தன்னிடம் அப்படி என்ன இருக்கிறது என்று இழைப்புளிக்குப் புரியவில்லை.

வீட்டில் எண்ணெய் விட்டுத் துருவைத் தேய்த்தார். அலகைத் தீட்டி, தேக்குப் பலகைமேல் வைத்து மெல்லத் தள்ளினார். வெங்காயச் சருகு போல ஒரு சீவல் சுருண்டு எழுந்தது. ஜன்னலருகே அதைத் தூக்கிப் பிடித்தார். வெயில் அதன் வழியே ஊடுருவிப் பொன்னாக அவர் முகத்தில் விழுந்தது.

அது தன்னிடமிருந்துதான் வந்தது என்று நம்ப இழைப்புளிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஐயா," என்றது மெதுவாக, "இன்னொரு தடவை தள்ளுங்க. நானும் பார்க்கிறேன்."