பூச்சி வாத்தியார் வீட்டு விசேஷம்

கீழ்வீட்டுக் குளியலறையிலிருந்து ஓங்கரிக்கும் சத்தம் கேட்டதும், மாடிவீட்டு அக்கா பிழிந்துகொண்டிருந்த துணியை வாளியிலேயே போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடிவந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்துப் பூச்சி வாத்தியார் வீட்டில் நல்ல செய்தி என்றால், அதை முதலில் தெரிந்துகொள்ளும் உரிமையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

“என்னடி, ஏதாவது விசேஷமா?”

“விசேஷம்தான்க்கா.” வாத்தியார் மனைவி வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுப் பல் தேய்க்கும் பிரஷை நீட்டினாள். “நத்தை. ராத்திரி பூரா இது மேலதான் படுத்திருக்கு. என்னடா வழவழன்னு இருக்கேன்னு யோசிக்கறதுக்குள்ள வாயில வெச்சுட்டேன்.”

அக்காவுக்கும் குமட்டியது. ஆனால் கிளம்ப மனசு வரவில்லை.

வாத்தியாருக்குக் கல்லூரியில் வேலை. பூச்சி என்பது தெரு கொடுத்த பட்டம். பாடம் நடத்திக்கொண்டே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறார். தலைப்பு, ‘வெப்பமண்டலப் பல்லுயிர்களும் மனித நலமும்’. அதில் முன்பாதி மட்டும்தான் மனைவிக்கு அத்துப்படி. அதுதானே வீடெல்லாம் ஊர்ந்துகொண்டிருக்கிறது?

ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் ரத்தம் குடிக்கும் அட்டைகள். சோபாவுக்கு அடியில் பூரான்கள். ஜன்னல் திரைக்குப் பின்னால் கூண்டுக்குள் தலைகீழாக ஒரு வௌவால், அதற்குக் கீழே அது போட்டுவைத்தது. ஊதுபத்தி ஏற்றினாலும் நனைந்த சாக்கு நாற்றம் போகாது.

சத்தம் கேட்டு வாத்தியாரும் வந்து சேர்ந்தார். நத்தையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மனைவியின் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு, தினமும் காலையில் கேட்பதைக் கேட்டார்.

“மனசுக்கு எப்படிம்மா இருக்கு?”

அக்கா உருகிவிட்டாள். “உன் புருஷன் தங்கம்டி. நான் மயங்கி விழுந்தாக்கூட எங்க வீட்டுக்காரர் என்னைத் தாண்டிப் போய் டீ எங்கன்னு தேடுவாரு.”

“அந்த ஒரு கேள்விக்காகத்தான்க்கா இத்தனை அசிங்கத்தையும் சகிச்சுக்கிட்டிருந்தேன். முன்னெல்லாம் ‘சோறு ஆச்சா’ங்கறதோட சரி. இப்போ கொஞ்ச நாளாத்தான் இந்தக் கரிசனம். அவர் அப்படிக் கேட்டுட்டா, வயித்தைப் பொரட்டினாலும் ‘சந்தோஷமா இருக்கேன்’னுதான் வாயில வருது.”

சொல்லிவிட்டுப் பிரஷைப் பார்த்தாள். மறுபடி ஓங்கரித்தது.

“ஆனா இன்னைக்கு இல்லைங்க. சாயங்காலத்துக்குள்ள இந்த வீட்டை விட்டு இதுங்க போகணும். இல்லேன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்.”

“சாயங்காலம் எங்க பெரிய பேராசிரியர் வர்றார்மா,” வாத்தியார் கெஞ்சினார். “ஆராய்ச்சிக்கு எடுத்த மாதிரியை நேர்ல பார்க்கணுமாம். பார்த்துட்டா என் பட்டம் கையில வந்த கணக்கு.”

“நல்லாப் பார்க்கட்டும். பார்த்த கையோட தூக்கிட்டும் போகட்டும்.”

சாயங்காலம் வாசலில் டப்பாக்களும் பாட்டில்களும் கூண்டும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பக்கத்திலேயே வாத்தியார் மனைவியின் பெட்டி. இரண்டில் ஒன்று இன்று வெளியேறும். இந்தக் காட்சியைத் தவறவிடுவாளா அக்கா? காய்ந்த துணியை மடிக்கிற சாக்கில் படிக்கட்டில் இடம்பிடித்துவிட்டாள்.

பேராசிரியர் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டே வந்தார். பாட்டிலுக்குள் ஓர் அட்டை நிமிர்ந்து அவரைத் தேடியது. மனுஷன் துள்ளிப் பின்வாங்கினார்.

“சீச்சீ! என்னய்யா இது, வாசல்லயே?”

“நீங்க பார்க்க வந்த ஆராய்ச்சி மாதிரிதான் சார்,” என்றாள் வாத்தியார் மனைவி. “எல்லாம் இருக்கு. மகராசனா எடுத்துட்டுப் போங்க.”

பேராசிரியர் கைக்குட்டைக்குள்ளேயே சிரித்தார். “இந்தக் கண்றாவியை எவன் பார்ப்பான்? ஆராய்ச்சிக்கு மாதிரியே நீங்கதாம்மா!”

வாத்தியார் பலமாக இருமினார். பேராசிரியர் காதில் அது விழவில்லை.

“இத்தனை உயிருங்களுக்கு நடுவுல வாழற மனுஷங்களோட மனசு எப்படி இருக்கு? அதானேம்மா ஆராய்ச்சியே. வேற எந்த வீட்டுலயும் ஒத்துக்கலை. தாக்குப்பிடிச்ச ஒரே ஆள் நீங்கதான். தினமும் காலையில உங்களைக் கேட்டு எனக்குச் சொல்லிடுவார். எப்பவும் ‘சந்தோஷமா இருக்கேன்’! அட்டையும் பூரானும் ஒரு மனசை இப்படிக் குளிர வைக்கும்னு நானே நம்பலை, போங்க.”

படிக்கட்டில் அக்கா துணியை மடியிலேயே போட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

வாத்தியார் மனைவி புருஷன் பக்கம் திரும்பினாள். “காலையில காலையில கேட்டது இதுக்குத்தானா?”

“இல்லம்மா... அதாவது, ஆமா. ஆனா அக்கறையும் இருந்துச்சு...” வாத்தியாருக்கு வேர்த்துக் கொட்டியது. அவள் முகத்தைப் பார்த்தவர், பழக்கதோஷத்தில் “இப்போ மனசுக்கு எப்படி...” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நத்தையை வாயில் வைத்தபோதுகூட அவள் முகம் அப்படிச் சுளித்ததில்லை.

அவள் குனிந்தாள். கூண்டை எடுத்துக்கொண்டு போய் ஜன்னல் திரைக்குப் பின்னால் மாட்டினாள். பூரான் டப்பாக்கள் சோபாவுக்கு அடியில் போயின. அட்டைப் பாட்டிலை வெறுங்கையால் தூக்கி, தயிருக்குப் பக்கத்தில் வைத்து ஃப்ரிட்ஜைச் சாத்தினாள்.

திரும்பி வந்து தன் பெட்டியைத் திறந்து துணிமணியை எல்லாம் வெளியே கொட்டினாள். காலிப் பெட்டியைக் காலால் புருஷன் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள்:

“இதுங்க இருக்கட்டும். நீங்க கிளம்புங்க.”