அணைக்காத ஹீட்டர்

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் எங்கள் மிருகக்காட்சிசாலையின் ஒரே ஒட்டகச்சிவிங்கி, இலையுதிர் காலத்தில் இறந்துபோனது. பனி விழத் தொடங்கிய பிறகும் பராமரிப்பாளர் மினேகோ அதன் கொட்டகையில் ஹீட்டரை அணைக்கவில்லை. இயக்குநர் ஹிரானுமா நேரிலேயே வந்துவிட்டார்.

“செத்ததுக்குக் குளிருமாம்மா?”

“மேல ஜன்னலைப் பாருங்க சார்.”

கூரையோரக் கண்ணாடியில் மூச்சுப் பட்டதுபோல ஆவி படர்ந்தது, மறைந்தது, மறுபடியும் படர்ந்தது.

“வெறும் ஈரம். அணைச்சிடு.”

“மாட்டேன். வேணும்னா என்னை வேலையை விட்டு அனுப்புங்க. பனி உருகுற வரைக்கும் இதுல யாரும் கை வைக்க விடமாட்டேன்.”

அவர் சுவிட்சை நோக்கி நடந்தார். மினேகோ குறுக்கே நின்று, கோடையில் ஒட்டகச்சிவிங்கியின் தீனிக்காக இலையோடு உலர்த்திய முசுக்கொட்டைக் கிளையை அவர் கையில் திணித்தாள்.

“தூக்கிப் பிடிங்க.”

எரிச்சலோடு தூக்கினார். மேலிருந்து ஏதோ ஒன்று இலைகளை மட்டும் நிதானமாக உருவிக்கொண்டது. அவர் கையில் மிஞ்சிய குச்சி ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது.